காத்தண்ணனும் பழுதாகாத வண்டியும்

முன் சக்கரத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து, பின் சக்கரத்தில் ஓர் அழுத்து, இரண்டு பிரேக்கையும் ஒருசேரப் பிடித்து முன்னும் பின்னும் ஓர் ஆட்டு, கடைசியாக மணியில் ஒரு தட்டு. இருபத்துநான்கு சைக்கிளுக்கும் இதே நான்கு காரியம், இதே வரிசை. ஏழாவது வண்டியில் மணி ஒலிக்கவில்லை என்றால் அவர் எட்டாவது வண்டிக்குப் போகமாட்டார். சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, மணியின் மூடியைக் கழற்றி, வாயால் ஊதித் திரும்ப மாட்டி, தட்டிப் பார்த்து, "ம், இப்ப பேசு" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். ரயிலைப் பிடிக்க மூச்சிரைக்க வந்து வண்டியை நிறுத்தக் கம்பியில் மாட்டுகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. சக்கரத்தைப் பார்த்துத்தான் பேச்சு. "காத்து இருக்கா?" என்பார். அவருடைய வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடும்.

அதனால் நிலையத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு அவர் காத்தண்ணன். அறுபது வயதுக்காரர்கள்கூட அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு ஐம்பது.

பாலத்தின் மேலே ரயில், பாலத்தின் கீழே சைக்கிள் நிறுத்தம். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாரும் ஓட்டலாம் என்கிற சைக்கிள்கள். செல்போனைக் காட்டினால் பூட்டு திறக்கும். போகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நிறுத்தத்தில் மாட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். சொல்லக் கேட்டால் அழகான ஏற்பாடுதான். ஆனால் காலையில் ஊர் முழுக்க நிலையத்தை நோக்கி மிதிக்கிறது. மாலையில் ஊர் முழுக்க நிலையத்திலிருந்து வீட்டை நோக்கி மிதிக்கிறது. ஆகவே வண்டி வேண்டிய இடத்தில் வண்டி இருக்காது, நிறுத்த இடம் வேண்டிய இடத்தில் இடம் இருக்காது. பதினான்கு சைக்கிள் ஏறுகிற ஒரு சின்ன லாரியை ஓட்டிக்கொண்டு, நிரம்பிய இடத்தில் எடுத்துக் காலியான இடத்தில் இறக்குவது காத்தண்ணனின் வேலை. பழுது பார்ப்பதும் அவரே. "தண்ணி லாரிக்காரன் பொழப்புதான் மேடம். எங்க வத்திப் போச்சோ அங்க ஓடணும். ஓடி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு பக்கம் வத்தியிருக்கும்" என்பார்.

எனக்கு அவர் அறிமுகமானது என்னுடைய திருட்டுத்தனத்தால். நிலையத்தை ஒட்டி எழும்பிய அடுக்குமாடியில் பதினான்காவது மாடி எங்களுடையது. "ரயிலிலிருந்து நூறு அடி" என்று விளம்பரம் செய்து விற்றார்கள். அளந்து பார்க்கவில்லை, உண்மையாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் எடுத்தவள், மறுநாள் காலையும் வேண்டுமே என்று அதை அடித்தளத்தில் எங்கள் காருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு மேலே போய்விட்டேன். காலை ஆறரைக்கு வாசல் மணி அடித்தது. முதுகில் கம்பெனி பெயர் போட்ட சட்டையோடு ஒருவர் நின்றார்.

"மேடம், எங்க பிள்ளை ஒண்ணு ராத்திரி உங்க வீட்டுல தங்கிட்டதா தகவல். கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் மழுப்பினேன். ஒரே ஒரு வண்டிதானே என்றேன். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும் என்பதை அன்றே தெரிந்துகொண்டேன். "ஒரு வண்டி இல்ல மேடம். ஆறு மணியிலேருந்து எட்டு மணிக்குள்ள அது நாலு பேருக்குக் காலு. நீங்க நாலு பேரோட காலைக் கட்டிப் போட்டு வச்சிருக்கீங்க." என் கணவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் காத்தண்ணனோடு மின்தூக்கியில் இறங்கிப் போய் வண்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் சைக்கிளின் இரண்டு சக்கரத்தையும் அழுத்திப் பார்த்தார், மணியைத் தட்டினார், பிறகு மின்தூக்கியின் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த எடத்துலதான் மேடம் எங்க சமையல்கட்டு இருந்துச்சு" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. வழி சொல்வது போலத்தான் சொன்னார். இங்கே முன்பு ஓட்டுவீடுகளும் பட்டறைகளும் இருந்தன. அவர்கள் இருபது வருஷம் வாடகைக்கு இருந்த வீடு அதில் ஒன்று. ரயில் வருகிறது என்றதும் வீட்டுக்காரர் விற்றார், பக்கத்து வீட்டுக்காரரும் விற்றார், தெருவே விற்றது. குடியிருந்தவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனார்கள். இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். "ரயில் வராதா, ரயில் வராதான்னு பதினஞ்சு வருஷம் பேசினோம். ரயில் வந்துச்சு. நாங்க தூரமாயிட்டோம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் யாருடைய அடுப்பின் மேலோ நிற்கிறேன் என்ற கூச்சம் எனக்கு உண்டு. கூச்சம்தான், வீட்டை விற்றுவிட்டுப் போகிற அளவுக்கு அல்ல.

இந்த சைக்கிள் விஷயத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வண்டி பழுதானால் – செயின் கழன்றுகொண்டே இருக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை – அதை நிறுத்தத்தில் மாட்டிவிட்டு, சீட்டின் மூக்கு பின்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிடுவார்கள். அடுத்து வருகிறவர் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்வார். ஏறி விழ மாட்டார். கம்பெனி எந்த அறிவிப்புப் பலகையிலும் இதை எழுதவில்லை. யார் ஆரம்பித்தார்கள் என்றும் தெரியாது. காத்தண்ணனுக்கு இதில் பெரிய பெருமை. "யாரும் சொல்லித் தரல மேடம். முகம் தெரியாத ஒருத்தன் விழுந்துடக் கூடாதேன்னு ஜனங்களே கண்டுபிடிச்சது. இந்த ஊருல கெட்டுப் போகாத விஷயம் இது ஒண்ணுதான்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அதைக் கெடுத்தவரும் அவர்தான்.

அவர் மனைவி ரயில் பாதையின் அடுத்த கோடியில் ஒரு சலவை நிறுவனத்தில் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறார். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. பெண்கள் பெட்டியில் சில நாள் என் பக்கத்தில் வந்து உட்காருவார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலால் இன்னொரு குதிகாலைத் தேய்த்துக்கொள்வார். "குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு மேடம். படிக்கட்டுல ஏறினா ஆணி உள்ள போகுது, எறங்கினா வெளிய வருது." நடக்காதீர்கள், சைக்கிள் ஓட்டலாம், பாதகமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில் கஷ்டமில்லை, வாய்க்கால் தெரு நிறுத்தத்தில் வண்டிகளை நிரப்புவது கணவர்தானே. கஷ்டம் மாலையில். ஆறரைக்கு ஒரு ரயில், ஆறே முக்காலுக்கு ஒரு ரயில், ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு ரயில். மூன்றும் சேர்ந்து நிறுத்தத்தைத் துடைத்துவிடும். ஏழு ஐந்துக்கு இறங்குகிறவருக்கு வெறும் இரும்புக் கம்பிகள்தான் மிஞ்சும். ஷேர் வேன் இருக்கிறது, ஆனால் அது வாய்க்கால் பாலம் வரைக்கும் போவதில்லை. பாதி வழியில் மார்க்கெட் பக்கம் திரும்பிவிடும். சொந்த சைக்கிள் வாங்கி நிலைய வாசலில் பூட்டிவைத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவை காணாமல் போனது. கணவரின் லாரியோ அந்த நேரத்தில் நான்கு நிலையம் தள்ளி நிற்கும்.

ஒரு மாலை நான் சீக்கிரம் வந்துவிட்டேன். ஆறு இருபது இருக்கும். காத்தண்ணன் கடைசி வண்டியில் தன் நான்கு காரியத்தையும் செய்துகொண்டிருந்தார். மணி கணீரென்று ஒலித்தது. பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சீட்டின் பூட்டைத் தளர்த்தி, அதைப் பின்பக்கமாகத் திருப்பி இறுக்கினார்.

"பழுதா அண்ணே?" என்றேன்.

"ஆமா மேடம். செயினு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பொய் சொல்லிப் பழகாத ஆள். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. "அவளுக்கு மேடம்" என்றார் தரையைப் பார்த்து. "ரெண்டு கிலோமீட்டர் அந்தக் காலை வச்சுக்கிட்டு நடந்து வரா. வாசல்ல வந்து உக்காந்தா அரை மணி நேரம் எந்திரிக்கறதில்ல. ஊருக்கெல்லாம் வண்டி கொண்டுபோய் வைக்கிறேன். தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்? சொல்லுங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் வீட்டு வாசலில் அவர் எனக்குச் சொன்ன நாலு பேர் காலை நினைவுபடுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் குனிந்து நிற்கும்போது நமக்கு நிமிர்ந்து நிற்க ஓர் இடம் கிடைக்கிறது. பெரிய மனசு பண்ணுகிறவள் மாதிரி, "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் இப்போது எழுதக் கூசுகிறது.

மனைவியிடம் அவர் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மாள் வண்டியைத் தொடமாட்டார் என்று அவருக்குத் தெரியும். "ரிப்பேர் பாத்த வண்டிய யாராவது ஒருத்தர் ஓட்டிப் பாத்துச் சொல்லணும், கம்பெனி ரூலு. சீட்டு திரும்பி ஒண்ணு நிக்கும். நீயே நேராக்கி ஓட்டிட்டு வந்துடு" என்று சொல்லிவைத்திருந்தார். மனைவியும் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டார். ரயிலில் என்னிடம் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா? "அவரு வேலையில நானும் ஒரு கை குடுக்கறேன் மேடம். நேத்து வண்டியில பின் பிரேக்கு கொஞ்சம் மெதுவா பிடிக்குதுன்னு சொன்னேன். ஓடிப் போயி சரி பண்ணிட்டாரு." அவர் சொல்லும் குறைகளைக் காத்தண்ணன் உண்மையாகவே மறுநாள் சரிசெய்தார். எங்கள் வட்டாரத்திலேயே நன்றாகப் பராமரிக்கப்பட்ட சைக்கிள், தினமும் மாலையில் பழுதாகி நின்ற அந்தச் சைக்கிள்தான். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு காலை, வாய்க்கால் தெரு நிறுத்தத்தில் அந்த வண்டியின் கைப்பிடியில் ஒரு துண்டுக் காகிதம் நூலால் கட்டியிருந்ததாம். கொண்டுவந்து என்னிடம் காட்டினார். நிதானமான, அழகான கையெழுத்து: "பிரேக் சரியில்லை போலிருக்கிறது. யாரும் எடுத்து விழுந்துவிடாதீர்கள்." மனைவி முந்தின மாலை மங்கிய வெளிச்சத்தில் அதைக் கவனிக்காமலே ஓட்டி வந்திருக்கிறார். "யாரோ நல்ல மனசுக்காரங்க" என்றார் காத்தண்ணன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடைய விரல்களே குறுகுறுத்தன. காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஒரு நிமிஷம் கழித்து, "இன்னும் ஒரு வாரம் மேடம். அவளுக்கு மாத்திரை முடியட்டும்" என்றார். அந்த வாரம் முடிந்தது. மாத்திரை முடிந்தது. இன்னும் மூன்று காகிதம் வந்தது. சீட்டு நேராகவில்லை.

இந்தத் தந்திரத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. அது எல்லாரிடமும் செல்லாது. அவசரக்காரன், முரடன், எடுத்துத்தான் பார்ப்போமே என்கிறவன் எவனாவது சீட்டை நேராக்கி மிதித்துப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். பிறர் சொன்ன எச்சரிக்கையை நம்புகிறவர்கள் மட்டும்தான் அதில் ஏமாறுவார்கள். காத்தண்ணனுக்கு அது தெரியாதா? தெரியும். எனக்கும் தெரியும்.

குட்டு உடைந்த கதையை அவர் மனைவிதான் ரயிலில் சொன்னார். அன்று அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தும் செருப்பைக் கழற்றவில்லை.

"வாய்க்கால் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு அம்மா தினமும் நடந்து போவாங்க மேடம். நடைன்னா நடை இல்ல, பாதி ஓட்டம். தினமும் நான் அவங்களத் தாண்டித்தான் போவேன். பெல்லடிச்சா ஓரமா ஒதுங்குவாங்க. நேத்து பெல்லடிக்கும்போது அவங்க பை கிழிஞ்சு சாமானெல்லாம் ரோட்டுல உருண்டுடுச்சு. எறங்கி எடுத்துக் குடுத்தேன். அவங்க என்னப் பாக்கல மேடம். வண்டியப் பாக்கறாங்க. 'ஐயோ, ஏம்மா இத எடுத்தீங்க? இது ரிப்பேர் வண்டியாச்சே. நான் சீட்டு எழுதிக்கூட கட்டினேனே. விழுந்து கிழுந்து வச்சீங்கன்னா?'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? எங்க வீட்டுக்காரருதான் ரிப்பேர் பாக்கறவரு, நான் ஓட்டிப் பாத்துச் சொல்றவன்னு பெருமையா சொன்னேன். ஒண்ணும் பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கு, ஒரு நாளும் எதுவும் ஆனதே இல்லன்னு சொன்னேன். சொல்லச் சொல்ல என் வாயே எனக்குக் காட்டிக் குடுத்துடுச்சு மேடம். ஒரு நாளும் எதுவும் ஆனதே இல்லன்னா, அப்புறம் எதுக்குத் தினமும் ரிப்பேரு?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவர் தொடர்ந்தார். "எத்தன நாளா நடக்கறீங்கன்னு கேட்டேன். அஞ்சு வாரமாம். ஏழு மணிக்கு முன்னாடி ரயிலாம். எறங்கினா தினமும் ஒரே ஒரு வண்டி நிக்குமாம், அதுவும் சீட்டு திரும்பி. அம்மா படுத்த படுக்கையாம். பகல்ல பாத்துக்கற பொண்ணு ஏழேகாலுக்குக் கெளம்பினாத்தான் அதுக்கு வேன் கெடைக்குமாம். அதான் ஓட்டம். நான் அவங்க வண்டியிலேயே உக்காந்துக்கிட்டு, அவங்களையே ஒதுங்கச் சொல்லிப் பெல்லடிச்சிருக்கேன் மேடம், அஞ்சு வாரம்."

அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை, வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்றார். "தப்பு பண்ணது அவரு. அவருதான் போய்ச் சொல்லணும். சொல்ற வரைக்கும் நான் எந்த வண்டியையும் தொடமாட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமாமே மேடம்?"

நான் ஆமாம் என்றேன். இறங்கவேண்டிய நிலையம் வர இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது. அந்த அம்மாள் எழுந்துபோய்க் கதவோரம் நின்றுகொண்டார், அந்தக் குதிகாலோடு.

அன்றிலிருந்து அவர் இரண்டு கிலோமீட்டரையும் நடந்தார். காலையிலும் நடந்தார், மாலையிலும் நடந்தார். கணவரோடு பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது என்றார் காத்தண்ணன். சீட்டைத் திருப்புவது அன்றே நின்றுவிட்டது. ஆனால் போய்ச் சொல்வது? முதல் நாள், "லாரி டயர் பஞ்சர் மேடம்" என்றார். இரண்டாம் நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டாராம். மூன்றாம் நாள் அவராகவே, "நாக்கு வரல மேடம்" என்று ஒப்புக்கொண்டார். "திட்டுவாங்கன்னு பயம் இல்ல. திட்டமாட்டாங்களோன்னுதான் பயமா இருக்கு." நான்காம் நாள் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, லாரியை ஓரங்கட்டிவிட்டு, மாலை ரயிலுக்காக நிறுத்தத்தில் நின்றார். வாய்க்கால் பக்கமாகப் பாதி ஓட்டத்தில் போகிற அம்மாள் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. பழுதில்லாத வண்டி ஒன்று நேரான சீட்டோடு நிற்கும். யாராவது வந்து சாதாரணமாக எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று நான் கேட்டது அந்த வாரத்தில்தான். பேச்சை மாற்றலாமே என்று கேட்டேன். "எழுதுங்க மேடம். ஆனா நல்லவன்னு மட்டும் எழுதிடாதீங்க. வேலியே பயிரை மேஞ்சுதுன்னு எழுதுங்க" என்றார்.

என் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றது தற்செயல்தான். அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள கண்ணாடிக் கடைக்குக் காலையில் போனேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள் சின்னத் திருப்புளியால் திருகை மாட்டிக் கொடுத்துவிட்டு, ரசீது எழுதினார். அந்தக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். எந்த நிலையத்தில் இறங்குவீர்கள் என்று பேச்சுக் கொடுத்தேன். எங்கள் நிலையத்தைத்தான் சொன்னார். முன்பெல்லாம் ஏழு மணி ஆகும், இப்போது மத்தியான ரயிலிலேயே போய்விடுகிறேன் என்றார்.

"அம்மாவப் பாத்துக்கற பொண்ணு நின்னுடுச்சு மேடம். பாவம், அது மேல தப்பு சொல்ல முடியாது. நான் தினமும் பத்து நிமிஷம் லேட்டாப் போனா அதுவும் எத்தன நாளு பொறுக்கும்? வேற ஆளு கிடைக்கல. ஓனருகிட்ட சொல்லி அரை நாள் வேலையா மாத்திக்கிட்டேன். பக்கத்து வீட்டுல மத்தியானம் வரைக்கும் பாத்துக்கறாங்க." கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "போட்டுப் பாருங்க. இப்ப தெளிவாத் தெரியுதா?"

தெரிகிறது என்றேன். காரணம் எனக்குத் தெரியும் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, காத்தண்ணனுக்குப் போன் செய்து மத்தியான ரயிலின் நேரத்தை மட்டும் சொன்னேன்.

"நீங்களும் கூட நில்லுங்க மேடம்" என்றார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று ரயிலில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.

மத்தியானத்தில் நிறுத்தம் நிரம்பி வழியும். இருபத்துநான்கு வண்டியும் வெயிலில் வரிசையாக நின்றன. காத்தண்ணன் துவைத்த சட்டை போட்டிருந்தார், முகம் மழித்திருந்தார். படியிறங்கி வந்த அந்த அம்மாள் அவரைப் பார்த்ததும், "நீங்கதானே இந்த வண்டியெல்லாம் பாத்துக்கறவரு? மத்தியானத்துல வண்டிக்குக் குறைச்சலே இல்ல தம்பி. நல்லா வச்சிருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே போனைக் காட்டி ஒரு வண்டியின் பூட்டைத் திறந்தார். பாதி வெளியே இழுத்துவிட்டார்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றார் காத்தண்ணன். "சாயங்காலத்துல சீட்டு திரும்பி ஒரு வண்டி நிக்குமே."

"ஆமா, ஆமா. அது பாவம் சரியே ஆகலையே."

"அது ரிப்பேர் இல்லக்கா."

அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. "பிரேக் போயிருந்துச்சே?"

"நல்லாப் பிடிக்கும்க்கா. எல்லாம் நல்லா இருந்துச்சு. நான்தான் திருப்பி வச்சேன். எங்க வீட்டுல அவளுக்குக் கால் முடியாது. ஏழு அஞ்சுக்கு வருவா. அவளுக்கு இருக்கட்டும்னு, யாரும் எடுக்காம இருக்க, நான்தான்... தினமும்." சட்டைப்பையிலிருந்து எட்டாக மடித்த நான்கு காகிதங்களை எடுத்தார். "இதையெல்லாம் படிச்சும் பண்ணேன்க்கா."

அந்த அம்மாள் காகிதங்களை வாங்கிப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் கையெழுத்தை யாரோ எழுதியது மாதிரி படித்தார். நான் என் ஒத்திகையெல்லாம் மறந்து, வண்டி எடுக்க வந்தவள்போல் போனை நோண்டிக்கொண்டு நின்றேன். எனக்கும் இது தெரியும் என்று காத்தண்ணன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானே அவங்களுக்கு விட்டுட்டுப் போயிருப்பேனே தம்பி" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் தேடினேன், கிடைக்கவில்லை.

பாதி இழுத்த வண்டியை அந்த அம்மாள் திரும்ப உள்ளே தள்ளினார். பூட்டு விழும் வரைக்கும் தள்ளினார். ஒருமுறை ஆட்டிப் பார்த்து, சரியாக மாட்டியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார். பிறகு கைப்பையைத் தலைக்கு மேல் வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, இருபத்துநான்கு வண்டிகளையும் கடந்து நடக்கத் தொடங்கினார். மணி ஒன்றே முக்கால். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்த நேரம்.

காத்தண்ணன் அவர் தெருமுனை வரை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் போனைக் காட்டி அதே வண்டியின் பூட்டைத் திறந்து வெளியே எடுத்தார். ஏறி மிதித்திருந்தால் ஒரு நொடியில் எட்டியிருப்பார். ஏறவில்லை. அந்த அம்மாளுக்கு இருபதடி பின்னால், கூப்பிடவும் செய்யாமல், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, வாய்க்கால் பக்கமாக அதை உருட்டிக்கொண்டே போனார்.